ஓதம் ஏறிய கேம்பர் சுவர்: ஒட்டுவதா, வெட்டி மாற்றுவதா?

காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் வண்டியான கேம்பர் டிரெய்லரின் உட்சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஒரு பழுப்புக் கறை. விரலால் அழுத்தினால் பிளைவுட் அமுங்குகிறது. அல்லது வெளிப்பக்க ஃபைபர்கிளாஸ் ஓரிடத்தில் உப்பி, வெயில் சாய்ந்து விழும்போது அலை அலையாகத் தெரிகிறது. இந்த நிலைக்கு வந்த வண்டியைச் சீர்செய்ய ஐந்து வழிகள் உண்டு. கசிவை அடைத்து உலர்த்திவிட்டு அப்படியே விடலாம். கெட்ட பலகையின் மேலேயே புது ஷீட் போர்த்தலாம். உள்ளே எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) செலுத்தி, பிரிந்த அடுக்குகளை மறுபடி ஒட்டலாம். கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதிது வைக்கலாம். அல்லது சுவரை முழுதாகப் பிரித்துக் கட்டலாம்.

பெரும்பாலோர் கறையின் அளவைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்னக் கறை என்றால் பசை, பெரிய கறை என்றால் வெட்டு. நான் இதை ஏற்கவில்லை. உள்ளங்கை அளவுக் கறைக்குப் பின்னால் மூலைச் சட்டம் முழுக்க மக்கிப்போயிருக்கலாம்; கதவளவு கறைக்குப் பின்னால் மரம் கல்லாக இருக்கலாம். பார்க்கவேண்டியவை இரண்டுதான். அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது? உள்ளே இருக்கும் மரம் இன்னும் ஸ்குரூவைப் பிடிக்கிறதா?

இரண்டு வகைச் சுவர்கள்

முதல் வகை, மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்தது. மெல்லிய ரீப்பர்களால் கூடு கட்டி, வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஏறத்தாழ 3 மி.மீ. பிளைவுட், நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு. இதில் எதுவும் எதோடும் முழுப்பரப்பில் ஒட்டப்படவில்லை. ஸ்குரூவும் ஸ்டேப்பிளும்தான் பிடித்து நிற்கின்றன. அதனால் பிரிப்பது எளிது, உலர்த்துவதும் எளிது. பஞ்சு நீரை உறிஞ்சி ரீப்பரோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதால் மரம் சீக்கிரம் மக்கும். ஆனால் மக்கியதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிது வைக்க முடியும்.

இரண்டாவது, அடுக்கு ஒட்டுச் சுவர். ஃபைபர்கிளாஸ் தோல், அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் தெர்மாகோல், மறுபடி பிளைவுட். இவை எல்லாவற்றையும் பசை தடவி அழுத்தி ஒரே பலகையாக்கியிருப்பார்கள். சட்டம் பெரும்பாலும் அலுமினியக் குழாய். இங்கே வலிமை தருவது தனித்தனி அடுக்குகள் அல்ல, அவை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுதான். ஒட்டு விட்டுப்போன இடத்தில் சுவர் வெறும் தோல். வெளியே ஃபைபர்கிளாஸ், நடுவே தெர்மாகோல் என்று இருபுறமும் அடைபட்டிருப்பதால் இடையில் புகுந்த நீர் ஆவியாகி வெளியேற எளிதில் வழியில்லை. மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தினாலும் நடு அடுக்கு ஈரமாகவே கிடக்கலாம்.

கூரையை மடக்கித் தாழ்த்தும் கூடார வகை கேம்பர்களில் கூரைப்பலகை பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு நெருங்கியது. அதற்கும் கீழே சொல்வது பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊசி வகை ஈரமானி ஒன்று வேண்டும். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் நீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. 30ஐ நெருங்கினால் மரத்தின் நார்கள் நிரம்பிவிட்டன, மக்கவைக்கும் பூஞ்சைக்கு அது சாதகமான நிலை. ஊசியில்லாமல் மேலே வைத்துப் பார்க்கும் கருவி வேகமானது, ஆனால் பின்னால் அலுமினியக் குழாயோ தகடோ இருந்தால் உலர்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும். அதை ஈரத்தின் எல்லையைத் தேட மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை ஊசிக் கருவியிடம் விடுவது நல்லது.

அடுத்து குத்தூசி. நல்ல மரத்தில் அது தயங்கி நிற்கும். மக்கிய மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்குரூ போட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை. கழற்றிய ஸ்குரூவை அதே துளையில் திருகும்போது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஒன்றிரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளையில் முயலவேண்டும். அங்கும் சுற்றினால் சட்டம் போய்விட்டது. கழற்றிய ஸ்குரூக்களையும் கவனியுங்கள்: எது துருப்பிடித்திருக்கிறதோ அந்த இடம் வழியாக நீர் பயணித்திருக்கிறது. ஒரு வரிசை ஸ்குரூவைக் கழற்றி அடுக்கி வைத்தாலே நீரின் பாதை தெரிந்துவிடும்.

பாதை முக்கியம். கறை தெரியும் இடமும் நீர் நுழையும் இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. கூரை ஓரத்து மூலைப்பட்டியில் நுழையும் நீர் ரீப்பர் வழியே ஓடி, ஜன்னல் சட்டத்தில் தேங்கி, அதற்குக் கீழே கறையாக வெளிப்படும். ஜன்னலைக் குற்றம் சொல்லி அதைச் சுற்றிச் சீலன்ட் பூசினால் அடுத்த மழையில் அதே கறை வரும். தோட்டத்துக் குழாயால் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு மூட்டுப் பகுதியை மட்டும் நனைத்து, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நுழைவாயில் அகப்படும். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டும் ஒன்றாக நனைந்து எதுவும் புலப்படாது. கதவு, சாளரங்களை அடைத்து ஒரு ஊதுகாற்றாடியால் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பது இன்னொரு முறை. குமிழி வருமிடம் கசிவு.

ஒன்றை இங்கே பிரித்தறியவேண்டும். குளிர் இரவில் உள்ளே தூங்குவோரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகும். அதுவும் சுவரை ஈரமாக்கும். உலோகச் சட்டத்தின் கோடுகளை ஒட்டி, பல இடங்களில் சீராகப் படரும் ஓதம் பெரும்பாலும் இந்த வகை. அதற்குச் சீலன்ட் பயன்படாது, காற்றோட்டம்தான் தீர்வு.

வழிகள்

உலர்த்தி அடைத்துவிட்டு விடுவது என்பது சோம்பல் அல்ல. முதல் வகைச் சுவரில், ஊசிக் கருவி 20க்குச் சற்று மேலே காட்டி, மரம் குத்தூசிக்கு நின்று, ஸ்குரூ பிடித்தால் இதுவே சரியான முடிவு. உள்பலகையைக் கழற்றி, நனைந்த பஞ்சைத் தூக்கிப்போட்டு, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அவசரமே இதன் எதிரி. மரத்தில் போராக்ஸ் சார்ந்த கரைசல் பூசினால் பூஞ்சை திரும்பாது. ஈரமான மரத்துக்குள்ளும் அது ஊடுருவும். ஆனால் மறுபடி நீர் ஓடினால் கரைந்து வெளியேறிவிடும், ஆகவே கசிவை நிறுத்துவதற்கு அது மாற்று அல்ல. பிளீச் பூசுவதைப் பலர் செய்கிறார்கள். மரத்தின் மேற்பரப்பில் கறுப்பு மறையும், உள்ளே இறங்கிய பூஞ்சை அப்படியே இருக்கும். இந்த வேலைகளில் நல்ல முகக்கவசம் கட்டாயம். காய்ந்த பூஞ்சணம் தூசியாகப் பறப்பது நுரையீரலுக்கு ஆகாது.

கெட்டதன் மேல் புது ஷீட் போர்த்துவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிறது, எடை கூட்டுகிறது, புது ஷீட்டைத் தாங்கவேண்டிய ஸ்குரூக்கள் மக்கிய மரத்தில்தான் இறங்குகின்றன. வண்டி வாங்கப்போகிறவருக்கும் இது ஓர் எச்சரிக்கை: ஒரு சுவர் மட்டும் புத்தம் புதிதாக, மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தால் ஜன்னல் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

எப்பாக்ஸி செலுத்துவதுதான் அதிகம் ஆசைகாட்டும் வழி. சுவரைப் பிரிக்கவேண்டாம்; சிறு துளைகள், ஒரு சிரிஞ்சு, சில முட்டுக்கட்டைகள் போதும். சரியான இடத்தில் இது அருமையாக வேலை செய்கிறது. சரியான இடம் என்பது குறுகியது: அடுக்கு ஒட்டுச் சுவர், உப்பல் புதிது, நீர் நின்று வெகுநாளாகி உள்ளே உலர்ந்துவிட்டது, பிளைவுட் இன்னும் முழுதாக இருக்கிறது. அப்போது உப்பலின் அடியில் தொடங்கிப் பல துளைகள் போட்டு, மெல்லிய பதமுள்ள, மெதுவாக இறுகும் எப்பாக்ஸியைக் கீழ்த்துளையில் செலுத்தவேண்டும். மேல்துளையில் அது வெளிவரும்வரை நிறுத்தக்கூடாது. இடையில் காற்று சிக்கினால் அந்த இடம் ஒட்டாது. பிறகு பாலித்தீன் தாளும் அதன்மேல் விறைப்பான பலகையும் வைத்துச் சீராக அழுத்தவேண்டும். நடுவில் மட்டும் முட்டுக்கொடுத்தால் பசை ஓரத்துக்கு ஓடி, உப்பலுக்குப் பதிலாகப் பள்ளம் விழும்.

பசைத் தேர்வில் ஒரு தவறு சுவரையே அழித்துவிடும். ஃபைபர்கிளாஸ் வேலைக்கு வழக்கமாக விற்கும் பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைக்கும். கரைப்பான் கலந்த பல காண்டாக்ட் பசைகளும் அப்படியே. உப்பலை ஒட்டப்போய் உள்ளே பெரிய குழியைச் செய்து வைப்போம். எப்பாக்ஸி தெர்மாகோலைத் தொடாது. வாங்கும் டப்பாவில் எது என்று பார்த்து, மிச்சமிருக்கும் தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி இந்த வழி தோற்கும் காரணம். உப்பலில் பிரிவது பசையும் ஃபைபர்கிளாஸும் என்று நினைக்கிறோம். பல வண்டிகளில் அங்கே பிரிவதில்லை. மெல்லிய பிளைவுட்டின் அடுக்குகளே நீரில் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. ஃபைபர்கிளாஸைப் பிரித்துப் பார்த்தால் அதன் பின்பக்கம் ஒரு மெல்லிய மரத்தாள் உறுதியாக ஒட்டிக்கொண்டு வரும். மற்ற அடுக்குகள் தெர்மாகோல் பக்கம் இருக்கும். அந்த இடைவெளியில் எப்பாக்ஸியை ஊற்றினால், மக்கிய மரத்தாள் ஒன்றை மக்கிய இன்னொரு மரத்தாளோடு ஒட்டுகிறோம். பசை நிற்கும், மரம் அதற்கு அடுத்த அடுக்கில் பிரியும். ஜன்னலையோ சுவர்விளக்கையோ கழற்றி வெட்டுமுகத்தைப் பார்க்காமல் இந்த வழியில் இறங்கவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பிளைவுட் கறுத்து, நகத்தால் சுரண்டினால் நாராக வந்தால் சிரிஞ்சைக் கீழே வைத்துவிடலாம்.

மக்கிய மரத்தைக் கெட்டியாக்கும் திரவங்களும் கிடைக்கின்றன. ஜன்னல் சட்டத்தின் ஒரு மூலை, அலங்காரப் பட்டி போன்ற சுமை தாங்காத இடத்தில் பயன்படுத்தலாம். சாலையில் குலுங்கும் வண்டியின் மூலைச் சட்டத்துக்கு அது போதாது. நார் அறுந்த மரத்தை ரெசினில் ஊறவைத்தால் கடினமாகும், ஆனால் பழைய வலிமை திரும்பாது.

அதனால்தான், மரம் மக்கிவிட்டது என்று தெரிந்தபின் நான் வெட்டி மாற்றுவதன் பக்கமே நிற்கிறேன். வேலை அதிகம், ஆனால் என்ன செய்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் சொத்தையோடு வெட்டை நிறுத்தாமல் அதற்கு அப்பால் ஒரு சாணாவது போகவேண்டும். பூஞ்சையின் இழைகள் நிறம் மாறாத மரத்துக்குள்ளும் நீண்டிருக்கும். மக்கிய ரீப்பரின் பக்கவாட்டில் புது ரீப்பரைச் சேர்த்து, நல்ல மரத்தின் மேல் தாராளமாக ஏறும்படி பசையும் ஸ்குரூவும் போட்டுப் பிணைப்பது எளிய முறை. இடமில்லையென்றால் இரண்டையும் சாய்வாகச் சீவி ஒட்டவேண்டும். சாய்வின் நீளம் தடிமனைப்போல் எட்டு மடங்கு: 20 மி.மீ. ரீப்பருக்கு 160 மி.மீ. படகு தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு இது.

சட்டம் மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் திறக்கவேண்டும். முதல் வகைச் சுவரில் மெல்லிய உள்பலகைதான் கூட்டைச் சாயாமல் பிடித்திருக்கிறது. எல்லாப் பலகையையும் ஒரே நாளில் கழற்றினால் கூடு ஒருபக்கம் சரிந்து, பிறகு கதவு அடையாது. கழற்றுமுன் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதிவைத்து, குறுக்கே ஒரு முட்டுச்சட்டம் அடித்துவிடுங்கள்.

அடுக்கு ஒட்டுச் சுவரில் வெட்டுவதாக இருந்தால் உள்ளிருந்து வெட்டுவதே மேல். உள்பலகையையும் தெர்மாகோலையும் எடுத்து, வெளித்தோலின் பின்னால் ஒட்டியிருக்கும் மக்கிய பிளைவுட்டைச் சுரண்டிவிட்டு, புது அடுக்குகளை எப்பாக்ஸியில் ஒவ்வொன்றாகக் கட்டிவரலாம். வெளித்தோல் தப்பிக்கும், நீர் புகப் புதிய மூட்டு எதுவும் உண்டாகாது. வெளியே இருந்து தோலை உரித்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் அத்தனை பெரிய தோலைச் சுருக்கமில்லாமல் மீண்டும் ஒட்ட ஆட்களும் இடமும் வேண்டும்.

சுவரை முழுதாகக் கட்டுவது எப்போது? மூலைச் சட்டங்களில் ஒன்றுக்கு மேல் போயிருந்தால், அல்லது சுவரின் அடிச்சட்டமும் தரையின் விளிம்பும் சேர்ந்து மக்கியிருந்தால். அடிச்சட்டம்தான் சுவரைச் சேசிஸோடு பிணைக்கிறது. அது கூழானபின் மேலே செய்யும் ஒட்டுவேலை எதுவும் பயன் தராது. இந்த நிலையில் உள்ள வண்டியில் சேசிஸும் அச்சும் நன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் துருப்பிடித்திருந்தால் ஜன்னல், அடுப்பு, கதவுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு கூட்டைத் தேடுவது நியாயமான முடிவு.

புதிதாக எதை வைப்பது?

ஒருமுறை நீரில் அவதிப்பட்டவர் மரமே வேண்டாம், பிளாஸ்டிக்கோ ஏசிபி ஷீட்டோ (இரு அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) போடுவோம் என்று சொல்வார். உணர்வு புரிகிறது. ஆனால் எடையைப் பாருங்கள். லேசான மரத்தாலான 3 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதே தடிமன் ஏசிபி சுமார் 4 கிலோ. 5 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு 8 அடிக்கு 4 அடி ஷீட் ஏறத்தாழ 3 சதுர மீட்டர் என்பதால் ஒரு சுவர் முழுக்க மாற்றும்போது வித்தியாசம் கணிசமாகிறது. பின்சுவரில் எடை ஏறினால், இழுக்கும் வாகனத்தின் கொக்கியில் விழும் அழுத்தம் குறைந்து டிரெய்லர் வேகத்தில் ஆடத் தொடங்கும். அது ஆபத்து.

பிவிசி வெப்பத்தில் நீளும். 2.4 மீட்டர் நீளத் துண்டு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 4 மி.மீ. அளவுக்கு நீளும், அலுமினியம் அதில் பாதிகூட நீளாது. நான்கு பக்கமும் இறுக்கி ஸ்குரூ போட்டால் கோடையில் அலையலையாக வளையும். துளைகளைப் பெரிதாகப் போட்டு, ஓரத்தில் இடைவெளி விட்டு, அதைப் பட்டியால் மறைக்கவேண்டும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நீர் புகாத உள்பலகை கசிவை நிறுத்துவதில்லை, மறைக்கிறது. மெல்லிய பிளைவுட் நனைந்ததும் கறைபடும். அந்தக் கறைதான் நமக்குக் கிடைக்கும் முதல் செய்தி. பிவிசி ஷீட்டின் பின்னால் நீர் ஓடிச் சட்டத்தை மக்கவைக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. மரச்சட்டம் உள்ள வண்டியில் உட்சுவருக்கு நான் பிளைவுட்டையே தேர்வேன். தரைக்கும் சக்கர மேட்டைச் சுற்றியும் மரைன் பிளைவுட். உலோகச் சட்டம் மட்டுமே உள்ள வண்டியில் ஏசிபி, ஃபைபர்கிளாஸ் ஷீட் போன்றவற்றுக்கு இந்தக் குறை பொருந்தாது.

மரைன் பிளைவுட்டிலும் பசைதான் நீரைத் தாங்குவது, மரம் மரம்தான். வெட்டிய விளிம்புகளில் எப்பாக்ஸியோ நல்ல பெயின்ட்டோ பூசாமல் பொருத்தினால் அதுவும் மக்கும். ஸ்குரூத் துளையைப் பெரிதாகப் போட்டு எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தால் நீருக்கு மரத்தைத் தொட வழியிருக்காது. மருந்து ஏற்றிய மரத்தை மக்காது என்ற நம்பிக்கையில் ரீப்பராக வைப்பவர்கள் கவனிக்கவேண்டும்: செம்பு கலந்த மருந்து அலுமினியத் தகட்டை அரிக்கும். தகட்டைத் தொடும் சட்டத்துக்குச் சாதாரண நல்ல மரமே பாதுகாப்பு.

மூடும் வேலையில் பழைய சீலன்ட் முழுவதையும் சுரண்டியெடுப்பதுதான் பாதி உழைப்பு. மூலைப்பட்டி, ஜன்னல் சட்டம், விளக்குகளின் பின்னால் பியூட்டைல் டேப் (மெத்தென்று ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து இறுக்கவேண்டும். சில நாள் கழித்து மறுபடி ஸ்குரூவை இறுக்கி, பிதுங்கியதை வெட்டியெடுக்கவேண்டும். சிலிக்கோன் மட்டும் வேண்டாம். அது விட்டுப்போகும் நாளில் அதன் எச்சத்தின் மேல் வேறெந்தச் சீலன்ட்டும், புதிய சிலிக்கோன்கூட, ஒழுங்காக ஒட்டாது. ரப்பர் கூரை உள்ள வண்டியில் பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவற்றால் துடைத்தால் ரப்பர் ஊதிப்போகும். சோப்பு நீரே போதும்.

வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பலகையை உடனே அடித்துவிடாமல், சட்டம் திறந்து தெரியும் நிலையிலேயே குழாயால் மறுபடி நனைத்துப் பாருங்கள். குறுக்கு முட்டு இருக்கட்டும், முடிந்தால் ஒரு நல்ல மழையும் போகட்டும். ரீப்பரின் மேல் காகிதத் துவாலையைச் செருகி வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஊசிக் கருவி எல்லா இடத்திலும் 15க்குக் கீழே இறங்கியபின் பஞ்சை வைத்துப் பலகையைப் பொருத்தலாம். அந்தப் பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்குரூவும் பட்டியுமாக வைத்தால், இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு மூலையைக் கழற்றிப் பார்ப்பது அரைமணி நேர வேலையாக இருக்கும்.